பொறி வாங்கும் முன் டார்ச்சை எடுங்கள்: வீட்டில் எலி புகுந்தால் என்ன செய்வது

ராத்திரி பதினோரு மணிக்குப் பரண்மேல் கோலிக்குண்டு உருளுகிற மாதிரி சத்தம் கேட்டால், மறுநாள் காலையில் பெரும்பாலான வீடுகளில் நடக்கிற முதல் வேலை கடைக்குப் போய் எலி மருந்து வாங்கி வருவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன், அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன, அவற்றை ஒழுங்காகச் செய்தால் மருந்துக்கு அவசியமே வராது.

எங்கள் வீடு கும்பகோணத்துப் பக்கம். தெருவில் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருக்கும், முன்பகுதி ஓடு, பின்பகுதி மாடி, கொல்லையில் இரண்டு தென்னை. குறுவை அறுப்பு முடிந்தால் ஒரு படை, தை மாதம் சம்பா அறுப்பு முடிந்தால் இன்னொரு படை என்று வயல் காலியானதும் எலிகள் ஊருக்குள் வரும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தாலும் வரும். முதல் வருடம் பொறி வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தோம், குறையவே இல்லை. எலிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம்தான், ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டி சாதாரணம், அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமே குட்டி போடத் தொடங்கிவிடும். வருகிற வழியும் தின்கிற சோறும் அப்படியே இருக்கும்போது பிடித்து மட்டும் தீர்க்க முடியாது. இது புரிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சத்தம் நின்றது.

சரி, முதலில் வந்திருப்பது யார் என்று பாருங்கள். புழுக்கையை வைத்தே சொல்லிவிடலாம். அரிசி அளவில், நுனி கூராக இருந்தால் சுண்டெலி. அரை அங்குலத்துக்குமேல் நீளமாக, பரணிலும் ஓட்டுக்கு அடியிலும் கிடந்தால் வீட்டெலி, இது ஏறுவதில் கெட்டிக்காரன், ஒயரைப் பிடித்துக்கொண்டு நடக்கும், தென்னை உச்சியிலேயே கூடு கட்டும். தரைமட்டத்தில், சாக்கடை ஓரத்தில், ஒரு முழம் மண்ணை வெளியே தள்ளி வளை போட்டிருந்தால் பெருச்சாளி. மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. சுண்டெலிக்குப் பரணில் பெரிய கூண்டு வைத்தும் பயனில்லை, பெருச்சாளிக்குச் சமையலறையில் சின்னப் பொறி வைத்தும் பயனில்லை.

இன்னொன்று, மூஞ்சூறு. நீண்ட மூக்கு, கண் இருப்பதே தெரியாது, சாயங்காலத்தில் சுவரை ஒட்டிக் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும், ஒரு மாதிரி நாற்றம் வரும். இதைப் பலரும் எலி என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். மூஞ்சூறு எலி இனமே இல்லை. அது தின்பது கரப்பான், புழு, பூச்சி. ஒயரைக் கடிக்காது, துணியைக் குதறாது. பிள்ளையாருக்கு வாகனமாக நாம் வைத்திருப்பதும் இதைத்தான். கூண்டில் சிக்கினால் கொல்லையில் திறந்து விட்டுவிடுங்கள்.

அடுத்து வழி. எலிக்குக் கண் பார்வை சுமார்தான், மீசையும் உடம்பும் சுவரில் உரசிக்கொண்டே போவதுதான் அதற்குத் தைரியம். அதனால் நடு ஹாலில் ஓடாது, எப்போதும் சுவர் ஓரம், அதுவும் தினமும் ஒரே தடம். ரொம்ப நாள் நடந்த தடத்தில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி கறுப்புக் கறை இருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், கறையும் புழுக்கையும் தெளிவாகத் தெரியும். தெரியவில்லை என்றால் படுக்கப் போகும் முன் சந்தேகமான இடங்களில் கோலமாவையோ முகப் பவுடரையோ மெல்லிசாகத் தூவி வையுங்கள், காலையில் கால் தடமும் வால் இழுத்த கோடும் இருக்கும். ஓட்டைகளில் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து வையுங்கள். எந்த ஓட்டையில் காகிதம் பிய்த்து வெளியே தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் நடமாட்டம் இருக்கிற ஓட்டை, மற்றதெல்லாம் பழையது. இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும், அவசரப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் நாங்கள் சந்தேகப்பட்டது கொல்லைக் கதவை, உண்மையில் வந்துகொண்டிருந்தது ஏசி குழாய் போகிற ஓட்டை வழியாக.

எவ்வளவு பெரிய ஓட்டை என்று கேட்பவர்களுக்கு: பென்சில் நுழைந்தால் சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழைந்தால் எலிக்குட்டி நுழையும். தலை போய்விட்டால் உடம்பை நெளித்து இழுத்துக்கொள்ளும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தீர்கள் என்றால் நீங்கள் நினைத்ததைவிட நாலு மடங்கு ஓட்டை இருக்கும்.

பார்க்கிறபோதே அடைக்கத் தோன்றும். உடனே எல்லாவற்றையும் அடைக்காதீர்கள், ஏனென்றால் உள்ளே இருப்பவை உள்ளேயே மாட்டிக்கொண்டு, வெளியே போக வழி இல்லாமல் கதவையும் ஒயரையும் கடிக்கும், அல்லது லாஃப்ட்டில் செத்து நாறும். முதலில் சாப்பாட்டை நிறுத்த வேண்டும், பிறகு உள்ளே இருப்பதைப் பிடிக்க வேண்டும், அதோடு கூடவே ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டு வந்து, நடமாட்டம் உள்ள ஓட்டையைக் கடைசியாக அடைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லாம் வீண்.

சாப்பாடு என்றால் நமக்குச் சோறும் பருப்பும்தான் நினைவுக்கு வரும். எலிக்கு அது மட்டுமா? ஒரு சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு கிராம் போதும், அடுப்பு மேடைக்குப் பின்னால் சிந்திய கடுகும் உளுந்தும் அதற்கு ஒரு வார விருந்து. சாமி மாடத்தில் ராத்திரி முழுக்க வைத்த வாழைப்பழம், விளக்கில் மீந்த நல்லெண்ணெய் (திரியை இழுத்துக்கொண்டு ஓடுவது இதற்காகத்தான்), சோப்பு, மாட்டுத் தீவனம், நாய்த் தட்டில் மிச்சம், புறாவுக்குப் போட்ட தானியம், காக்கைக்கு வைத்து அப்படியே கிடக்கிற சோறு, எல்லாமே கணக்குதான். அரிசியைச் சாக்கோடு தரையில் வைக்காதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் வாளியை ஒரே ராத்திரியில் குடைந்துவிடும், எலிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். தகர டிரம், எவர்சில்வர் தூக்கு, இறுக்கமான மூடி உள்ள கனமான டப்பா, இவைதான் சரி. பாட்டி காலத்தில் நெல் கொட்டி வைக்கிற குதிர், பத்தாயம் இரண்டையும் தரையில் ஒட்டாமல் கால் வைத்து உயர்த்தி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எச்சில் பாத்திரத்தைக் காலையில் தேய்த்துக்கொள்ளலாம் என்று தொட்டியில் விடாதீர்கள், குறைந்தது ஓர் அலசு அலசிக் கவிழ்த்து வையுங்கள். குப்பை வாளிக்கு மூடி கட்டாயம். பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கிழிந்த புடவை மூட்டை, இவை எலிக்குப் பஞ்சு மெத்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து இவற்றை அப்புறப்படுத்துங்கள், பாதி பிரச்சினை அன்றைக்கே போகும்.

இப்போது பொறி. கடையில் மூன்று வகை கிடைக்கும். ஸ்பிரிங் கம்பி அடிக்கிற பலகைப் பொறி, உயிரோடு பிடிக்கிற கூண்டு, அப்புறம் பசை அட்டை. பசை அட்டையை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அதில் ஒட்டிக்கொண்ட எலி தோலைக் கிழித்துக்கொண்டு, பயத்திலேயே மலஜலம் கழித்து, மணிக்கணக்கில் கத்திச் சாகிறது. பல்லி, அணில் குட்டி, குருவி, மூஞ்சூறு எல்லாம் ஒட்டிக்கொள்கிறது. நம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதற்காக ஓர் உயிருக்கு அந்த வேதனையைக் கொடுக்க வேண்டியதில்லை. கொல்லத்தான் வேண்டும் என்றால் பலகைப் பொறியின் கம்பி நொடியில் முடித்துவிடும், அதுதான் இருப்பதில் இரக்கமானது. ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்த பழைய பொறியை மட்டும் பயன்படுத்தாதீர்கள், பாதி அடிபட்டு ஓடிவிடும்.

பொறி வைப்பதில் எல்லோரும் செய்கிற தப்பு இரண்டு. ஒன்று, ஒரே ஒரு பொறி வைப்பது. இரண்டு, நடு இடத்தில் வைப்பது. ஐந்தாறு பொறி வாங்குங்கள், கறையும் புழுக்கையும் பார்த்த தடத்தில், சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கிற முனை சுவரைத் தொடுகிற மாதிரி வையுங்கள். சுண்டெலி என்றால் நாலைந்து அடிக்கு ஒன்று, ஏனென்றால் அது கூட்டை விட்டு ரொம்பத் தூரம் போகாது. பெரிய எலிக்கு இன்னொரு விஷயம் உண்டு. புதிதாக ஒரு பொருளைக் கண்டால் அது பயப்படும், இரண்டு மூன்று நாள் பக்கத்திலேயே வராது. அதனால் முதல் மூன்று நாள் பொறியை மாட்டாமலே, இரையை மட்டும் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். தின்று பழகட்டும். நாலாவது நாள் எல்லாப் பொறியையும் ஒரே ராத்திரியில் மாட்டுங்கள். அவசரப்பட்டு முதல் நாளே மாட்டி, ஒரு தடவை தப்பித்துவிட்டது என்றால் அந்த எலி அந்தப் பொறியை அப்புறம் சீண்டவே சீண்டாது. சுண்டெலிக்கு இந்தப் பயம் கிடையாது, முதல் நாளே மாட்டலாம்.

இரைக்கு மசால் வடை நல்லதுதான், ஆனால் அதைவிட நெருப்பில் வாட்டிய தேங்காய்ச் சில்லு மேல், வாசனை தூரம் போகும், கெட்டியாக இருப்பதால் இழுத்தால்தான் வரும், இழுத்தால்தான் பொறி விழும். கருவாட்டுத் துண்டும் வறுத்த வேர்க்கடலையும் நன்றாக வேலை செய்யும். நூலால் கம்பியில் கட்டிவிடுங்கள், சும்மா வைத்தால் நைசாக எடுத்துக்கொண்டு போய்விடும். குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டில் பலகைப் பொறியை ஒரு செருப்புப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பக்கமும் எலி நுழைகிற அளவு ஓட்டை போட்டுச் சுவரோரம் தள்ளி வையுங்கள். எலியும் மூடின இடத்தில்தான் தைரியமாக நுழையும்.

கூண்டில் உயிரோடு பிடித்தால் எங்கே விடுவது? அடுத்த தெரு காலி மனையில் விட்டால் நமக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேரும், வராவிட்டால் அந்தத் தெருக்காரர் கஷ்டப்படுவார். இதனால்தான் எனக்குக் கூண்டு அவ்வளவாகப் பிடிக்காது. பிடித்தால் வெயிலில் காயவிட்டு நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். செத்த எலியை வெறும் கையால் தொடாமல், பாலிதீன் பையைக் கைமேல் மாட்டிக்கொண்டு எடுத்து, இரண்டடி பள்ளத்தில் புதையுங்கள். தெருவில் வீசாதீர்கள்.

பிடிக்கிற வேலை நடக்கும்போதே அடைக்கிற வேலை. எங்கெங்கே என்று சொல்கிறேன். சமையலறைத் தொட்டிக் குழாய் சுவருக்குள் போகிற இடம், கேஸ் டியூப் வெளியிலிருந்து வருகிற ஓட்டை, ஏசி குழாய், கேபிள் டிவி ஒயர், கழிவறைத் தரை ஜாலி, எக்ஸாஸ்ட் ஃபேன், வென்டிலேட்டர், கதவுக்கு அடி இடுக்கு, ஓட்டு வீடாக இருந்தால் சுவரும் ஓடும் சேருகிற இடம். வெறும் சிமெண்ட் பூசினால் காய்வதற்குள் தோண்டிவிடும். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை உருட்டி ஓட்டைக்குள் இறுக்கித் திணித்து, அதன்மேல் சிமெண்டோ எம்-சீலோ பூசுங்கள், நாரைக் கடிக்க எலிக்குப் பிடிக்காது. தரை வளைக்குக் கொத்தனார்கள் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கலவையில் போட்டு அடைப்பார்கள், நன்றாக நிற்கும், ஆனால் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் அது வேண்டாம், ஜல்லியே போதும். துணியும் தெர்மாகோலும் வைத்து அடைப்பது நேர விரயம். வென்டிலேட்டருக்குக் கொசுவலை நிற்காது, கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலைதான் நிற்கும். கதவு அடியில் அலுமினியப் பட்டை அடிக்க ஒரு தச்சருக்கு அரை மணி நேர வேலை.

கூரையைத் தொடுகிற மாமரக் கிளை, முருங்கைக் கிளை எல்லாவற்றையும் மூன்றடி தள்ளி வெட்டுங்கள். தென்னை இருந்தால் ஆள் உயரத்துக்குமேல் ஓரிடத்தில் ஓரடி அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றிக் கட்டுங்கள், நகம் பிடிக்காமல் எலி வழுக்கும், தேங்காய்க் குரும்பையும் தப்பும். மட்டை பக்கத்து மரத்தையோ மாடியையோ தொட்டால் தகரத்தால் பலன் இல்லை. எங்கள் மாதிரி ஒட்டு வீடு என்றால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் பேசி ஒரே வாரத்தில் மூன்று வீட்டிலும் வேலையை நடத்துங்கள், நம் வீட்டை மட்டும் அடைத்தால் எலி அங்கே போய்க் குட்டி போட்டு அடுத்த பருவத்தில் திரும்பி வரும்.

இப்போது மருந்து விஷயம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக மருந்து வைக்கப்பட்டது. அந்த அறையில் ஏசி போட்டுப் படுத்த குடும்பத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எலி மருந்து என்ற பேச்சு வந்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. கறுப்புப் பொடியாக வருகிற ஜிங்க் பாஸ்பைடு எலி வயிற்று அமிலத்தில் பட்டால் பாஸ்பீன் என்கிற விஷ வாயு வரும், அதுதான் எலியைக் கொல்கிறது. ஈரம் பட்டாலும் அந்த வாயு மெல்ல வரும். மூட்டை அரிசிக் கிடங்குக்குப் போடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இதைவிடப் பயங்கரம், குடியிருக்கிற வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது. யார் வந்து மருந்து வைத்தாலும் பெயரைக் கேளுங்கள், பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள், படுக்கையறையில் வைக்க விடாதீர்கள்.

பற்பசை மாதிரி டியூபில் வந்த மஞ்சள் பாஸ்பரஸ் பசை இன்னொன்று. தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது, இருந்தும் பழைய சரக்கு எங்காவது அலமாரியில் கிடக்கலாம், கண்டால் அப்புறப்படுத்துங்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தின்றவர் முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு, அடுத்த ஒன்றிரண்டு நாள் நன்றாகத்தான் இருப்பார், சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள், அதற்குப் பிறகு கல்லீரல் செயலிழக்கும். எந்த எலி மருந்தாக இருந்தாலும், குழந்தை நக்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு, மருந்துப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

கட்டி கேக்காக விற்கிற புரோமாடியோலோன் இவற்றைவிட மெதுவானது, ரத்தம் உறையாமல் செய்து நாலைந்து நாளில் கொல்லும், மனிதருக்கு வைட்டமின் கே1 கொடுத்துச் சிகிச்சை செய்யலாம். ஆனாலும் விஷம் விஷம்தான். தின்ற எலி பரணுக்குள் செத்தால் வாரக்கணக்கில் நாற்றம், தளர்ந்து தள்ளாடுகிற எலியைப் பிடித்துத் தின்கிற ஆந்தையும் பூனையும் சேர்ந்து பாதிக்கப்படும். ஒரு ஆந்தைக் குடும்பம் தின்கிற எலிக்கு நம் பொறியெல்லாம் கிட்டவே வர முடியாது. வயலில் ஆந்தை உட்காருவதற்கென்றே நம் விவசாயிகள் பறவைத் தாங்கி நடுகிறார்கள், தஞ்சாவூர்க் கிட்டி என்கிற மூங்கில் பொறி வைக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

அந்துருண்டை, புதினா எண்ணெய், சுவரில் சொருகுகிற ஒலிக் கருவி, இவற்றில் பணத்தைப் போடாதீர்கள். ஒலி சுவரைத் தாண்டாது, எலி நாலு நாளில் பழகிக்கொள்ளும். அந்துருண்டையைக் குழந்தை மிட்டாய் என்று வாயில் போடும் ஆபத்து வேறு.

சுத்தம் செய்யும்போது கவனம் தேவை. புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், காய்ந்த தூசி மூக்குக்குள் போகும். ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய துணியால் வழித்து எடுத்துத் துணியையும் சேர்த்துக் கட்டிப் போட்டுவிடுங்கள். பிளீச்சோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக் காய்ச்சல் வரும், லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் தொட முடியாத வலி, கண் சிவப்பு, முற்றினால் மஞ்சள் காமாலை. ஆரம்பத்திலேயே போனால் ஆன்டிபயாடிக்கில் குணமாகிற நோய் இது. டாக்டரிடம் வீட்டில் எலி இருக்கிறது, தேங்கிய தண்ணீரில் நடந்தேன் என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள்.

வாஷிங் மெஷின் அடிப்பாகம் திறந்திருந்தால் வலை மாட்டுங்கள், ஸ்கூட்டரை ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள், ஒயரைக் கடித்திருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கேஸ் அடுப்பின் ரப்பர் டியூபை இன்றைக்கே தடவிப் பாருங்கள். பல் தடம் இருந்தால் ரெகுலேட்டரை அணைத்துவிட்டு, உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற டியூபாக மாற்றுங்கள்.

பெருச்சாளிக்கு வீட்டுக்குள் செய்வதற்கு ஒன்றும் இல்லை, சாக்கடை மூடி உடைந்திருப்பதை மாற்றி, அஸ்திவார ஓரம் வளையை ஜல்லிக் கலவையால் அடைத்து, தேங்காய் மட்டை, செங்கல் குவியலைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பழைய வளைக்குள் கையை விடாதீர்கள், எலி போன இடத்தில் பாம்பு குடியிருக்கும்.

கடைசி ஓட்டையை அடைத்த பிறகும் ஒரு வாரம் மாவு தூவிப் பாருங்கள். ஏழு நாளும் தடம் இல்லை என்றால் பொறிகளைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைக்கலாம். அதற்குப் பிறகு நாங்கள் வருடத்துக்கு இரண்டு தடவை, புரட்டாசிக் கடைசியில் மழைக்கு முன்னால் ஒரு தரம், பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது ஒரு தரம், டார்ச்சும் ஒரு உருண்டை இரும்பு நாரும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறோம். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஓர் இடத்தில் பூச்சு பெயர்ந்திருக்கிறது, அதை அன்றைக்கே அடைத்துவிடுகிறோம்.